வெந்நீருக்கு எரிமலை வேண்டாம்

வள்ளியூருக்கு மேற்கே மலையேறினால் தண்ணீருக்குக் குறைவில்லை. திருக்குறுங்குடி நம்பியாறு, களக்காட்டுப் பச்சையாறு, பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி என்று எதில் கால் வைத்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் வெந்நீரூற்று என்று பெயர் பெற்ற இடம் எதுவும் இந்த மலைகளில் இல்லை. அதைப் பார்க்கக் கடல் கடந்து இலங்கையின் திருகோணமலைக்குப் போகலாம்.

திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் போகும் சாலையை ஒட்டியிருக்கிறது கன்னியா. அங்கே சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். இறங்கிக் குளிக்க இடமில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். நீரின் வெப்பம் சுமார் 40 டிகிரி. ஒரு கிணற்று நீர் இதமாக இருக்கும். அடுத்தது இன்னும் கொஞ்சம் சுடும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழு இடங்களில் வாளால் குத்தி வரவழைத்த நீர் என்பது ஐதீகம். இறந்தோருக்கு அங்கே கடன் கழிப்பது ஈழத்தமிழர் மரபு.

இலங்கையில் எரிமலை கிடையாது. அப்படியானால் நீரைக் காய்ச்சுவது எது?

விடையின் ஒரு நுனி வள்ளியூர்க் கிணற்றிலேயே இருக்கிறது. மார்கழி விடியலில் இறைக்கும் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை மதியத்தில் குளுமையாகவும் தோன்றும். உண்மையில் மாறுவது காற்றுதான். தரைக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டர் போய்விட்டால் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வெப்பம். அதற்கும் கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும். பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. தென்னிந்தியா, இலங்கை போன்ற பழம்பாறை நிலங்களில் சற்றுக் குறைவு. ஆயிரம் அடி போர் போட்டவர்களுக்கு இது கையால் தொட்டுத் தெரிந்த செய்தி: அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே மேலே வரும்.

கன்னியாவின் நீரும் மழைநீர்தான். இலங்கையின் வெந்நீரூற்றுகளில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுவே. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழம் இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவில் மேலேறுகிறது. மெதுவாக ஏறினால் வழியிலேயே ஆறிவிடும்; வேகமாக ஏறினால்தான் சூடு தங்கும். மேல்மட்டத்துக் குளிர்நீர் எவ்வளவு கலக்கிறதோ அதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். இலங்கையின் ஹைலண்ட், விஜயன் என்னும் இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே கன்னியா, மகா ஓயா, மகாபெலஸ்ஸ ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. நம் மலையில் பெய்யும் மழையோ சோலைக்காட்டு மண்ணிலும் மேல்மட்டப் பிளவுகளிலும் ஊறி, ஆழம் போகுமுன் ஓடையாக வெளியேறிவிடுகிறது. அதனால்தான் அந்தக் குளிர்ச்சி.

பூமியின் உள்வெப்பத்தில் ஒரு பங்கு அது பிறந்தபோது சேர்ந்தது. இன்னொரு பெரும்பங்கு பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் உண்டாகிறது. அந்தத் தோரியம் நமக்கு அந்நியமானதல்ல. மலைப்பாறை தேய்ந்து கடற்கரையில் சேர்ந்த மோனசைட் மணலாக, குமரி, நெல்லைக் கரையோரங்களில் நம் காலடியில் கிடக்கிறது.

பூமிக்கடியில் சூடு எங்கும் உண்டு. நீர் இறங்கி ஏறும் வழிதான் அபூர்வம். அது எளிதில் கெட்டும் போகும். நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் வீடுகளும் விடுதிகளும் வெந்நீருக்காகத் துளைகள் போட்டுக்கொண்டே போக, ஊற்றுகள் தளர்ந்தன. 1980-களின் பிற்பாதியில், போஹுட்டு என்னும் வெந்நீர்ப் பீச்சூற்றிலிருந்து 1.5 கி.மீ. சுற்றுவட்டத்தில் இருந்த துளைகளை அரசு மூடவைத்தது. நிலத்தடி அழுத்தம் மீண்டது. ஓய்ந்திருந்த ஊற்றுகள் சிலவும் உயிர்பெற்றன. கன்னியாவைப் போன்ற ஊற்றைக் காக்க நினைப்பவர்கள் அந்த ஏழு கிணறுகளுக்கு வேலி போட்டால் போதாது. மழை இறங்கும் காட்டையும், சுற்றுவட்டாரத்தில் போடப்படும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.