அட்டை யானை வந்தது. ஸ்டேஷன் கதவு திறந்தது!

சிங்கப்பூரில் கட்டி முடித்த பிறகும் பூட்டிக் கிடந்தது ஒரு பாதாள ரயில் நிலையம். அதன் வாசலில் ஒரு நாள் 8 வெள்ளை யானைகள் வந்து நின்றன. எல்லாம் அட்டை யானைகள்!

நிலையத்தின் பெயர் புவாங்கோக். வடகிழக்குப் பாதையில் 2003-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. மொத்தம் 16 நிலையங்கள். புவாங்கோக், உட்லீ இரண்டுக்கு மட்டும் பூட்டு!

"ஜனம் போதாது, திறந்தால் கட்டுப்படியாகாது" என்று ரயில் கம்பெனி கையை விரித்தது.

மக்கள் திண்டாட்டம்

ஸ்டேஷனை நம்பி வீடு வாங்கியவர்கள் திண்டாடிப் போனார்கள். காலுக்கடியில் ரயில் ஓடுகிறது, நிற்காமல் பறக்கிறது! ரயில் ஏற அடுத்த ஸ்டேஷனுக்கு பஸ் பிடித்து ஓட வேண்டும்.

2005 ஆகஸ்டு 28-ந் தேதி அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அந்தப் பகுதிக்கு வந்தார். அன்றுதான் யானைகள் முளைத்தன. பெரும் பணம் விழுங்கிவிட்டு உபயோகமில்லாமல் கிடப்பதற்கு 'வெள்ளை யானை' என்று பெயர். சொல்ல வந்தது எல்லோருக்கும் புரிந்தது.

போலீஸ் விசாரணை

அனுமதி இல்லாமல் யானை வைத்தது யார் என்று போலீசார் துருவினார்கள். ஊரே சிரித்தது. கடைசியில் கடும் எச்சரிக்கையோடு விவகாரம் முடிந்தது.

2006 ஜனவரி 15-ந் தேதி புவாங்கோக் திறக்கப்பட்டது. பிறகு சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் பெருகின.

ஜனம் வந்தால்தான் ரயிலா, ரயில் வந்தால்தான் ஜனமா? புவாங்கோக்வாசிகள் இரண்டரை வருஷம் கேட்ட கேள்வி இதுதான்.

யானை வராத உட்லீ? அது திறக்க 2011 ஜூன் 20 ஆனது. சரியாக 8 வருஷம்!