'ஹலோ... நான் பேசுறது கேக்குதா?' - கம்ப்யூட்டர் மைக் ஊமையானால், கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்க!

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. 9.45-க்கு லேப்டாப்பைத் திறந்தால் கேமரா வேலை செய்கிறது, நெட் இருக்கிறது, எதிர்முனையில் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால், நாம் பேசுவது மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு மாதிரியான ஊரில் இருப்பவர், பெரிய சர்வீஸ் கடை தேடி அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ பஸ் ஏறினால், அவர் போய்ச் சேர்வதற்குள் இன்டர்வியூவே முடிந்துவிடும்.

இது ஏதோ நாலு பேருக்கு மட்டும் வருகிற பிரச்னை இல்லை. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதன்பிறகு கரிசல்காட்டு வீடுகளுக்குள்ளும் கம்ப்யூட்டர் வந்தது. 2020 கொரோனா ஊரடங்கில் வகுப்பறையே வீட்டுக்குள் வந்தது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. அந்த பட்ஜெட்டை வாசித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசுவின் சொந்த ஊரும் மல்லாங்கிணறுதான். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால், அது மக்கர் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து தர ஆள்தான் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு நல்ல செய்தி. 'மைக் போயிடுச்சு' என்று நாம் முடிவு கட்டும் பல நேரங்களில் மைக் போயிருக்காது. ஒரு பட்டன், ஒரு அனுமதி, ஒரு கேபிள் என்று ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். காசு செலவில்லாத காரணங்களை முதலில் பார்த்துவிட்டு, காசு செலவாகும் காரணங்களைக் கடைசியில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் ஒரு சின்ன டெஸ்ட்!

ஜூம், கூகுள் மீட் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். விண்டோஸில் 'சவுண்ட் ரெக்கார்டர்' என்று ஒரு ஆப் இருக்கும் (விண்டோஸ் 10-ல் அதன் பெயர் 'வாய்ஸ் ரெக்கார்டர்'). அதைத் திறந்து பத்து விநாடி பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேளுங்கள்.

குரல் பதிவாகியிருந்தால் மைக்கும் நல்லா இருக்கிறது, டிரைவரும் நல்லா இருக்கிறது. கோளாறு நீங்கள் பேசப் பயன்படுத்தும் ஆப்பிலோ பிரவுசரிலோதான். குரல் பதிவாகவில்லை என்றால் கம்ப்யூட்டர் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு டெஸ்ட் பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

ஹெட்செட் மேல் சந்தேகம் இருந்தால், அதைச் செல்போனில் செருகி ஒரு போன் பேசிப் பாருங்கள். அதிலும் மைக் எடுக்கவில்லை என்றால், குற்றவாளி ஹெட்செட்தான். ஹெட்செட் வயரில் இருக்கும் குட்டி மியூட் பட்டனையும் பார்த்துவிடுங்கள். சில லேப்டாப்களில் கீபோர்டிலேயே மைக்கை நிறுத்தும் பட்டன் இருக்கும். கை தவறிப் பட்டாலே போதும், மைக் கப்சிப்!

ஜாக்கில் எத்தனை கோடு?

செல்போனோடு வந்த ஹெட்செட்டை டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் மட்டும் எடுக்காது. காரணம், ஜாக். செல்போன் ஹெட்செட் ஜாக்கைச் சுற்றி மூன்று வளையக் கோடுகள் இருக்கும். ஒலிக்கும் மைக்குக்கும் அது ஒரே ஜாக். இரண்டு கோடுகள் மட்டும் இருந்தால் அதில் பெரும்பாலும் மைக்கே கிடையாது.

ஆனால், பல டெஸ்க்டாப்களில் பச்சை ஓட்டை ஹெட்போனுக்கு, பிங்க் ஓட்டை மைக்குக்கு எனத் தனித்தனியாக இருக்கும். பச்சையில் மட்டும் செருகினால் மைக்குக்கு வழியே இல்லை. 'ஒய்' வடிவப் பிரிப்பு கேபிள் ஒன்று வாங்கினால் போதும். வாங்கும்போது ஒரு முனையில் ஹெட்போன் படமும், இன்னொரு முனையில் மைக் படமும் இருக்கிறதா எனப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கும் கேபிளும் இதே வடிவில்தான் இருக்கும்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு விஷயம். முன்பக்க ஓட்டைக்கு உள்ளே வரும் வயரை மதர்போர்டில் மாட்டாமலே விட்டிருக்கலாம். முன்பக்கம் வேலை செய்யவில்லை என்றால் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள்.

கரிசல் தூசியும் காய்ந்த எர்த் குழியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கோடைக் காற்று அடித்தால் வீட்டுக்குள் மேஜை முழுக்கத் தூசி படியும். லேப்டாப்பின் மைக் ஊசி முனை அளவு துளைதான், அநேகமாகக் கேமரா பக்கத்தில் இருக்கும். அதில் தூசி அடைத்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். மெஷினை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊசி, குண்டூசி வைத்துக் குத்தினால் மைக்கே கிழிந்துவிடும்.

'ஙொய்...' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறதா? சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பேசுங்கள். இரைச்சல் நின்றால் பழி மைக் மேல் இல்லை. சார்ஜர் சரியில்லாமல் இருக்கலாம், அல்லது வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கலாம். மண்ணில் ஈரம் இருந்தால்தான் எர்த் நன்றாகப் பிடிக்கும். வறண்ட பூமியில், வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்தால் அது பலவீனமாகும். இது மைக் இரைச்சலோடு முடிகிற விஷயம் இல்லை, உயிர்ப் பாதுகாப்பும் கூட. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

அனுமதி கொடுத்தீங்களா?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > மைக்ரோஃபோன் பகுதிக்குப் போங்கள். அங்கே மைக் அனுமதி மூடியிருந்தால் எந்த ஆப்புக்கும் குரல் போகாது. 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து, ஜூம் போன்ற டெஸ்க்டாப் ஆப்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கீழே 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். பலரும் தவறவிடுவது அதைத்தான்.

பிரவுசரில் பேசுகிறீர்கள் என்றால், முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானைத் தட்டி, அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கிறதா எனப் பாருங்கள். முதல் தடவை 'பிளாக்' கொடுத்துவிட்டால் பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது செட்டிங்ஸ் > சிஸ்டம் > சவுண்ட். 'இன்புட்' என்ற இடத்தில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது? வெப்கேமரா மைக், லேப்டாப் மைக், ப்ளூடூத் மைக் என மூன்று இருந்தால், நீங்கள் ஒன்றில் பேச, கம்ப்யூட்டர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஜூம், மீட் போன்றவற்றுக்குள்ளும் தனியாக மைக் தேர்வு உண்டு. அதையும் பாருங்கள்.

டிரைவர் என்ன செய்கிறது?

மேலே சொன்ன எதிலும் சரியாகவில்லை என்றால்தான் டிரைவர் பக்கம் வர வேண்டும். சவுண்டு சிப் பேசும் பாஷை விண்டோஸுக்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். அது பழுதானால், சிப் நன்றாக இருந்தும் சத்தம் வராது.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'ஆடியோ இன்புட்ஸ் அண்ட் அவுட்புட்ஸ்', 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற இரண்டு பகுதிகளையும் விரித்துப் பாருங்கள்.

* கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், அந்த மைக் முடக்கப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.
* மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரில் கோளாறு. ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும்.
* அப்டேட் ஆன பிறகு சத்தம் போனதென்றால், 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்ப வரும்.

'அப்டேட் பண்ணினா சத்தம் போகுமா?' என்று கேட்கலாம். போயிருக்கிறது. 2018 அக்டோபரில், இன்டெல் ஆடியோ டிரைவரின் தவறான பதிப்பு ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகவே பலருடைய கம்ப்யூட்டருக்குப் போய், சத்தத்தை நிறுத்திவிட்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொண்டு, அந்த டிரைவரை நீக்க இன்னோர் அப்டேட்டை அனுப்பியது. எனவே, நேற்று வரை கேட்ட சத்தம் இன்று போனால், நேற்றிரவு அப்டேட் ஏதும் நடந்ததா என யோசியுங்கள்.

இங்கேதான் பணம் போகும்... உஷார்!

பதற்றத்தில் பலர் செய்வது, 'ஆடியோ டிரைவர் டவுன்லோடு' என்று கூகுளில் தேடி முதலில் வரும் தளத்தில் நுழைவது. இல்லையென்றால் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, வந்த எண்ணுக்கு போன் போடுவது. இரண்டுமே ஆபத்து. போலி எண்ணில் பேசுபவர், 'நான் சரி பண்ணித் தர்றேன், எனிடெஸ்க் போடுங்க' என்பார். அதைப் போட்டுக் குறியீட்டைச் சொன்ன நொடியில் உங்கள் திரை அவர் கையில். அதே கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கைத் திறக்கவைத்தால் பணம் காலி.

ஆடியோ டிரைவருக்கு கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு தூரம் கை நீளும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 மே மாதம், சுவிட்சர்லாந்தின் மோட்ஸீரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. ஹெச்பி லேப்டாப்கள் சிலவற்றில் இருந்த கோனெக்ஸன்ட் ஆடியோ டிரைவர், கீபோர்டில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டும் அதில் அடக்கம்! சோதனைக்காக எழுதிய நிரலை நீக்காமல் விட்டதால் வந்த வினை என்று விளக்கம் வந்தது. ஹெச்பி திருத்தமும் வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் டிரைவரிலேயே இப்படி என்றால், முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்கும் டிரைவரை எப்படி நம்புவது?

லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் டிரைவர் எடுங்கள். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். பழைய இலவச லேப்டாப்புக்கும் இதே வழிதான். ஒருவேளை ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து சைபர் க்ரைம் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சிப்பே போய்விட்டால்?

எல்லாம் செய்தும் சத்தம் இல்லை என்றால், சவுண்டு சிப் பழுதாகியிருக்கலாம். அப்போதும் மதர்போர்டை மாற்ற அவசரப்பட வேண்டாம். யூஎஸ்பி சவுண்டு கார்டு என்று பென்டிரைவ் அளவில் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். யூஎஸ்பி ஹெட்செட்டும் சரி. இவை பழுதான சிப்பைத் தொடாமல் தனி வழியில் வேலை செய்யும். கடைக்காரரிடம், 'போர்டை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு யூஎஸ்பி ஹெட்செட் போட்டுப் பாருங்கண்ணே' என்று சொல்லிப் பாருங்கள்.

முந்தின நாள் மாலையே...

* இன்டர்வியூவுக்குப் பயன்படுத்தப் போகும் அதே ஆப்பில், நண்பரோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்.
* அன்று இரவு விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள். செட்டிங்ஸில் 'பாஸ் அப்டேட்ஸ்' இருக்கிறது. இன்டர்வியூ முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள்.
* டேபிள் ஃபேன் காற்று நேராக மைக்கில் படாமல் திருப்பி வையுங்கள்.
* ஊரில் கோயில் கொடை, ரேடியோ செட் சத்தம் என்றால், வயர் ஹெட்செட்டின் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பேசுங்கள்.
* அதே மீட்டிங் லிங்க்கை செல்போனிலும் தயாராக வைத்திருங்கள். கடைசி நிமிடத்தில் மைக் கைவிட்டால், போனில் நுழைந்து பேசலாம். அப்போது கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரையும் மைக்கையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் குரலே எதிரொலித்துத் தொல்லை தரும்.