தலைக்கு மேல் 340 டன் பாறை! 11 ராத்திரி ஊர்ந்து வந்து மியூசியம் சேர்ந்த கதை

லாஸ் ஏஞ்சல்ஸ்:

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'லாக்மா' என்ற கலை மியூசியம் உள்ளது. அதன் திறந்தவெளி வளாகத்தில் 21½ அடி உயர கிரானைட் பாறை ஒன்று நிற்கிறது. எடை 340 டன். அதற்கு அடியிலேயே குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் நடந்து போகிறார்கள். "மேலே விழுந்தால் என்ன கதி?" என்று புதிதாக பார்ப்பவர்களுக்கு பகீர் என்கிறது.

இவ்வளவு பெரிய கல் ஊருக்கு நடுவே எப்படி வந்தது? அதன் விவரம் வருமாறு:-

முறிந்துபோன கிரேன்

இதை வைத்தவர் மைக்கேல் ஹெய்சர் என்ற சிற்பி. உளி எடுத்து சிலை செதுக்குகிற ரகம் இல்லை. மண்ணையும் மலையையும் வெட்டி, நகர்த்தி, அதையே கலைப்படைப்பாக ஆக்குபவர்.

பள்ளத்துக்கு மேல் ஒரு பாறை மிதப்பதுபோல் நிற்க வேண்டும் என்பது இவரது நீண்டநாள் கனவு. 1969-லேயே முயற்சி செய்தார். 120 டன் பாறையை தூக்கியபோது கிரேனின் கை முறிந்துபோனது. அத்தோடு திட்டமும் நின்றது.

பல வருடம் கழித்து, ரிவர்சைடு பகுதி கல்குவாரி ஒன்றில் வெடி வைத்து பெயர்த்த இந்த பாறையை பார்த்தார். பழைய ஆசைக்கு மறுபடி உயிர் வந்தது.

ஏன் 11 ராத்திரி?

உடைத்து எடுத்து வரலாமே என்று கேட்கலாம். ஒரே கல்லாக நிற்பதுதான் இங்கே விஷயம். எனவே பாறையை சுற்றி இரும்பு சட்டங்களால் தொட்டில்போல் கட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட சக்கரங்கள் கொண்ட ராட்சத வண்டியை அங்கேயே உருவாக்கினார்கள்.

நேர் வழியில் வர முடியவில்லை. பல பாலங்கள் இந்த எடையை தாங்காது. அதனால் சுற்றி வளைத்து 105 மைல், அதாவது சுமார் 169 கிலோமீட்டர் தூரம் வந்தார்கள். 22 ஊர்களை கடக்க வேண்டும். எல்லோரிடமும் பர்மிஷன் வாங்கவே மாதக்கணக்கில் ஆனது.

பகலில் டிராபிக். ஆகவே ராத்திரியில் மட்டும் பயணம். நம்மூரில் தேரோட்டத்துக்கு கரண்ட் வயரை அவிழ்ப்பதுபோல, அங்கேயும் வயர், சிக்னல் விளக்குகளை வழிவிட வைத்தார்கள். வண்டியின் வேகமோ, சைக்கிளில் போகிறவர்கூட முந்திவிடலாம்!

2012 பிப்ரவரி 28-ந்தேதி இரவு கிளம்பிய பாறை, மார்ச் 10-ந்தேதி அதிகாலை மியூசியம் வந்து சேர்ந்தது.

விழாதா?

பாறைக்கு கீழே 456 அடி நீளத்துக்கு கான்கிரீட் பள்ளம். இரண்டு பக்கமும் சரிவாக இறங்கி, நடுவில் 15 அடி ஆழம். பள்ளத்தின் இருபக்க சுவர்களிலும் உள்ள தாங்கிகள் மேல்தான் கல் உட்கார்ந்திருக்கிறது. கலிபோர்னியா பூகம்ப பூமி என்பதால் அதையும் கணக்கு போட்டே பொருத்தினார்கள். அவசரப்படவில்லை. கல் வந்து 3 மாதத்துக்கு மேல் ஆன பிறகு, ஜூன் 24-ந்தேதிதான் திறந்துவிட்டார்கள்.

"ஒரு கல்லுக்கா இவ்வளவு?"

மொத்த செலவு சுமார் 1 கோடி டாலர். அமெரிக்காவில் பலர் வேலையின்றி தவித்த நேரம் அது. "ஒரு கல்லுக்கா இவ்வளவு பணம்?" என்று பலர் கொதித்தார்கள். பணம் தனியார் நன்கொடை என்று மியூசியம் விளக்கம் சொன்னது. அதில் கல்லின் விலை கொஞ்சம்தான். வழிப்பயணமும், பத்திரமாக நிறுத்துவதுமே பெரும் பணத்தை விழுங்கின.

ஆனால் வழியில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பகலில் வண்டி நின்ற இடமெல்லாம் கூட்டம். மியூசியம் பக்கமே போகாதவர்களும் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். லாங் பீச் பகுதியில் தெருவிழாவே நடந்தது.

மியூசியமும் அதை மறக்கவில்லை. பாறை கடந்துவந்த வழியில் குடியிருப்பவர்களுக்கு, திறப்பையொட்டி இலவச அனுமதி கொடுத்தது. தங்கள் தெரு வழியாக போன கல்லை, அவர்கள் இப்போது அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.