கடல் விலகிய கடாரம்

கெடா மாநிலத்தில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக்கும் தெற்கே ஓடும் மூடா ஆற்றுக்கும் இடையில் கிடக்கிறது பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் இந்தக் கரைதான் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. வயலும் செம்பனைத் தோட்டமுமாக இன்று உள்நாடுபோலத் தெரிந்தாலும், இதன் தாழ்ந்த பகுதிகள் ஒருகாலத்தில் கடல் புகுந்த கழிமுகம். வண்டல் படியப் படியக் கரை மேற்கே போய்விட்டது. மெக்சிகோவில் மாயர் கட்டிய துலூம் நகரம் இன்றும் பாறைமுகட்டில் கடலைப் பார்த்து நிற்கிறது; பூஜாங்கிலோ, துறைமுகம் இருந்ததையே தோண்டித்தான் காட்ட வேண்டியிருந்தது.

வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு ஜெராய் நல்ல அடையாளம். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வந்தன. வடகிழக்குக் காற்றில் திரும்பின. காற்று மாறும்வரை ஒதுங்க இடம் வேண்டுமே! 671இல் சீனாவிலிருந்து கிளம்பிய துறவி யிஜிங்கும் கெடாவில் தங்கித்தான் 673இல் வங்காளத்தின் தாம்ரலிப்தியை அடைந்தார். இப்பள்ளத்தாக்கின் பெங்காலான் பூஜாங்கில் சோங் காலச் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் பாசிமணிகளும் ஒரே மண்ணில் கிடைத்திருக்கின்றன. கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை எழுப்ப இராஜராஜன் இடம் கொடுத்தான். அவன் மகன் இராஜேந்திரனோ 1025இல் கடாரத்தின் மீதே படையனுப்பினான்.

19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ இங்குள்ள இடிபாடுகளைக் குறித்து வைத்தார். குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் 1936-37இல் முப்பது இடங்களை ஆராய்ந்தனர். ‘சண்டி’ எனப்படும் கோயில்களில் பெயர்பெற்றது புக்கிட் பத்து பஹாட். இப்போது நிற்பது கருங்கல் அடித்தளம் மட்டுமே: கருவறைப் பகுதி, அதன் முன்னே மண்டபம், மண்டபத் தரையில் தூண்களைத் தாங்கிய கற்கள். மேற்கட்டு மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்திருக்க வேண்டும். இந்த ஈரத்தில் அவை எப்படித் தாங்கும்? அடியில் கிடைத்தவை ஒன்பது குழிகள் குடையப்பட்ட கல்பேழைகள். தமிழகக் கோயிலின் வரைவு, மலாய் மண்ணின் கூரை என்று இதைப் படிப்பதே பொருத்தம்.

ஆனால் பூஜாங்கைக் கோயில் ஊராக மட்டும் பார்க்க இனி இயலாது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இங்குள்ள சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வு, இரும்பு உருக்கிய பட்டறைகளையும் செங்கல் படித்துறைகளையும் வெளிக்கொணர்ந்தது. துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்கள், முனை உருகிக் கசடு ஒட்டிய நிலையில், குவியல் குவியலாகக் கிடந்தன. உலையருகே தாது, எரிக்கக் காடு, ஏற்றிப்போகப் படகு: தொழில் நிலைக்க வேறென்ன வேண்டும்? இதன் தொடக்கத்தைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லும் கணிப்பை ஆய்வாளர் எல்லோரும் ஏற்கவில்லை. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் உலை எரிந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை.

எஞ்சியதற்கு வந்த ஆபத்து கடலிலிருந்து வரவில்லை. 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் 11ஆம் எண் சண்டி தரைமட்டமாக்கப்பட்டது பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. எனினும் தேடல் நிற்கவில்லை: ஜெராய்க்கு வடக்கே, வேல்ஸ் அன்றே குறித்திருந்த புக்கிட் சோராஸ் குன்றில் 2023இல் விரிவான அகழாய்வு தொடங்கியது. அங்கே ஆளுயரச் சுதைச் சிலைகளும் பல்லவ எழுத்துப் பொறிப்புகளும் கிடைத்துள்ளன.