பேஸ் கிட்டார்: இடது கைக்கு ஒரு கணக்கு

'பனிவிழும் மலர்வனம்' (1982) பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாடகர் குரலுக்குக் கீழே கனத்த ஒலியில் தனியாக ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். இளையராஜாவின் குழுவில் சசிதரனும் ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த கருவி. கம்பியை மீட்டுவது வலது கை. எந்த ஸ்வரம், அது எங்கே நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் இடது கையின் பொறுப்பு.

சாதாரண கிட்டார் பழகியவர்கள்கூட பேஸைக் கையில் எடுத்ததும் திணறுவார்கள். காரணம் நீளம். 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் தொடங்கி இன்றுவரை பெரும்பாலான பேஸ்களில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். சாதாரண கிட்டாரில் சுமார் 25. அதனால் பேஸின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், முதலாவதிலிருந்து நான்காவது வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். 12இலிருந்து 15 வரை 7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஆகவே முறையும் இரண்டு. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் போனால் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என நான்கு விரலும் வைக்கலாம். கீழே, முதல் ஃப்ரெட்டுகளில், அப்படி விரித்தால் கை வலிக்கும். வியன்னாவில் டபுள் பேஸ் கற்பித்த ஃப்ரான்ஸ் சிமாண்டலின் வழி அங்கே உதவும்: ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் மூன்று ஃப்ரெட்டைப் பார்த்துக்கொள்ளும், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்து அழுத்தும். நான்காவது ஃப்ரெட் வேண்டுமென்றால் விரலை விரிக்காமல் கையையே நகர்த்த வேண்டும்.

அழுத்தும் இடமும் முக்கியம். உலோகப் பட்டைக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி விரல் வைத்தால் லேசான அழுத்தமே போதும். இரு பட்டைகளுக்கு நடுவில் வைத்தால் அதிகம் அழுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கம்பி கிர்ரென்று அடிக்கும். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேரே இருக்கட்டும். மணிக்கட்டு மடங்காத உயரத்தில் வாரை மாட்டுங்கள்.

ஸ்வரத்தை நிறுத்துவதும் இடது கைதான். விரலைக் கம்பியிலிருந்து முழுதாக எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி அடங்கிவிடும். அடிக் கம்பி நொடிக்கு 41 முறை அதிர்வது. அதை அடக்காமல் விட்டால் அடுத்த ஸ்வரத்தோடு கலந்து பாட்டே குழம்பும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து 5, 6, 7, 8 என்று நான்கு கம்பியிலும் மெதுவாக வாசித்துப் பழகுங்கள். வலித்தால் உடனே நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது சாதகம் ஆகாது.