ஷீட்டைக் கழற்றும் முன்

கூரை வேலை எடுத்துச் செய்கிற தம்பிகளிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்குங்கண்ணா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். என்ன பாலிசி என்று கேட்டால்தான் குழப்பம். ஒருவர் ஆட்களின் வங்கிக் கணக்கில் பிடிக்கிற 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டைச் சொல்வார். இன்னொருவர் தன் டெம்போவின் இன்சூரன்ஸைச் சொல்வார். பெரிய வேலை எடுக்கிறவர், கம்பெனி முதலாளி கேட்டார் என்று வாங்கிக் கொடுத்த சி.ஏ.ஆர். (கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்) பாலிசியைச் சொல்வார். மூன்றும் தேவையான காகிதங்களே. ஆனால் இந்தத் தொழிலில் ஆளைக் கடனில் தள்ளுகிற இரண்டு விபத்துகளுக்கு இந்த மூன்றிலும் முழுப் பதில் கிடையாது. உங்கள் ஆள் மேலிருந்து விழுவது ஒன்று. கூரை திறந்திருக்கும் நேரத்தில் கீழே கிடக்கும் முதலாளியின் சரக்கு நனைவது இன்னொன்று. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி, அவசரமில்லை.

ஆளிலிருந்து தொடங்குவோம். கூரை வேலையில் விழுகிறவர்கள் ஓரத்திலிருந்து விழுவார்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். ஏறி நிற்கிற உங்களுக்குத் தெரியும், ஓரத்துக்குப் போனால் எவனும் கவனமாகத்தான் இருப்பான். பழைய சிமென்ட் ஷீட்டின் நடுவிலும், வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட ஃபைபர் ஷீட்டிலும்தான் கால் உள்ளே போகும். வருஷக்கணக்காக வெயிலில் வெந்த ஃபைபர் ஷீட், மேலே தூசி படிந்தபின் மற்ற ஷீட்டைப் போலவே தெரியும். பர்லின் மேல் நடக்கப் பழகியவனும் ஒரு நாள் அரையடி தள்ளிக் கால் வைத்துவிடுவான்.

அப்படி ஓர் உயிர் போனால் சட்டம் என்ன கேட்கும்? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் நூறு வருஷம் ஓடி, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதி, நிரந்தரமாக முழுதும் முடங்கினால் நூற்றுக்கு 60. அதை வயதுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள் என்பது 2020 ஜனவரியில் வைத்த வரம்பு.

உங்களிடம் நாளுக்கு 900 ரூபாய் வாங்குகிற 30 வயது ஆள் என்று வையுங்கள். 25 நாள் வேலைக்கு 22,500 வருகிறது, கணக்குக்கு 15,000. அதில் பாதி 7,500. முப்பது வயதுக்கான எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். அவர் பிழைத்து, முதுகுத்தண்டு போய்ப் படுத்த படுக்கையானால் 18,71,820 ரூபாய், மருத்துவச் செலவு தனி. உரிய காலத்தில் கொடுக்காமல் இழுத்தடித்தால் 12 சதவீதம் வட்டி, அதன்மேல் பாதித் தொகை வரைக்கும் அபராதம் போடலாம். அபராதம் உங்கள் தாமதத்துக்கான தண்டனை; அதை இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் கட்ட முடியாது.

"பெல்ட் போடச் சொன்னேன், கேட்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியுமா என்று கேட்பீர்கள். சிறு காயத்துக்கு அந்த வாதம் எடுபடலாம். குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினார் என்பதெல்லாம் மரணத்திலும் நிரந்தர முழு முடக்கத்திலும் உங்களைக் காப்பாற்றாது. சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். செத்தவனுடைய தவறுக்கு அவன் மனைவியும் குழந்தையும் பட்டினி கிடக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் வேலையைப் பிடித்து, சதுர அடிக் கணக்கில் ஒரு மேஸ்திரியிடம் விட்டுவிடுவீர்கள். ஆட்கள் அவருடையவர்கள், கூலி கொடுப்பதும் அவர்தான். விபத்து நடந்தால் அவர் பொறுப்பு என்று நிம்மதியாக இருப்பீர்கள். உங்கள் தொழிலே கூரை போடுவது; அந்த வேலையையே இன்னொருவரிடம் பிரித்துக் கொடுத்தால், அவருடைய ஆளுக்கும் முதலில் உங்களைக் கேட்க சட்டம் இடம் தருகிறது. கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. மேஸ்திரியிடம் என்ன இருக்கும் வாங்க? அவருடைய டிரில்லிங் மெஷினும் ஒரு பைக்கும்தான். ஆகவே பாலிசி எடுக்கும்போது உள்ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

அந்த பாலிசியின் பெயர் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. ஏஜென்டுகள் இன்னும் டபிள்யூ.சி. பாலிசி என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்க் கூரை ஒப்பந்ததாரர் ஒரே ஒரு பாலிசிதான் வாங்க முடியும் என்றால், இதைத்தான் வாங்க வேண்டும். ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு கூலி கொடுப்பீர்கள் என்று எழுதிக் கொடுப்பதை வைத்து பிரீமியம் வரும். பிரீமியம் குறையட்டும் என்று எட்டுப் பேருக்குக் கணக்குக் காட்டிவிட்டு இருபது பேரை மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. விழுந்தவர் அந்த எட்டில் ஒருவரா என்ற கேள்வி வரும்போது பதில் சொல்ல எந்தக் காகிதமும் இருக்காது. வேலையின் வகையை எழுதும் இடத்தில் "கட்டட வேலை" என்று பொதுவாகப் போடாதீர்கள். கூரை வேலை, இத்தனை அடி உயரம் வரை, பழைய ஷீட் கழற்றுவதும் உண்டு என்று எழுதுங்கள். மருத்துவச் செலவு இந்த பாலிசியில் தானாக வராமலும் இருக்கலாம். தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். வட்டியும் அப்படித்தான். பாலிசியில் விலக்கி எழுதியிருந்தால் கம்பெனி கொடுக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. வரும். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள ஆளுக்கு விபத்து நடந்தால் பலன் அங்கிருந்தே கிடைக்கும். இழப்பீடு என்று உங்களைத் தனியாகக் கேட்க முடியாது. ஆனால் நாம் கணக்குப் போட்ட ஆள் 22,500 வாங்குகிறார், அவர் வரம்புக்கு வெளியே. சைட்டில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்று இருந்தால் வெளியே இருப்பவர்களுக்கு பாலிசி எடுத்தே ஆக வேண்டும்.

வங்கியில் பிடிக்கிற அந்த 20 ரூபாய் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். உங்கள் ஆட்கள் எல்லாரையும் சேர்த்துவிடுங்கள், அந்தக் குடும்பத்துக்கு அது உதவும். ஆனால் அது அவர்களுடைய காப்பீடு. அந்த 2 லட்சத்தை உங்கள் 15 லட்சத்தில் கழிக்க முடியாது.

இனி கீழே வருவோம். இன்னொரு டீ சொல்லியிருக்கிறேன், இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத இடம்.

திருப்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பனியன் கம்பெனியில் பழைய சிமென்ட் ஷீட்டை எடுத்துவிட்டு மெட்டல் ஷீட் போடும் வேலை என்று வையுங்கள். வேலைக்காகக் கம்பெனியை மூட மாட்டார்கள். கீழே துணி ரோல், பேக் செய்த பெட்டி, தையல் மெஷின் எல்லாம் கிடக்கும். பகலில் நான்கு பே கழற்றுகிறீர்கள், இரண்டு பே போடுகிறீர்கள். சாயங்காலம் எதிர்பாராத மழை. ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த சரக்கு நனைந்துவிட்டது. உங்கள் கையில் சி.ஏ.ஆர். பாலிசி இருக்கிறது, அதில் மூன்றாம் நபர் இழப்பு என்ற பிரிவும் இருக்கிறது. பணம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள்.

வராது தம்பி. அந்தப் பிரிவின் விலக்குகளைப் படித்துப் பாருங்கள். வேலை கொடுத்த முதலாளியின் சொத்தும், உங்கள் பொறுப்பில் உள்ள சொத்தும் மூன்றாம் நபர் சொத்து அல்ல என்று எழுதியிருக்கும். ஆட்களுக்கும் இதே விதி. உங்கள் ஆள், முதலாளியின் ஆள், அதே வேலையில் சம்பந்தப்பட்ட இன்னொரு கம்பெனியின் ஆள் யாருமே அங்கே மூன்றாம் நபர் இல்லை. மேலிருந்து நழுவிய ஷீட் சாலையில் போகிறவர் மேல் விழுந்தால் அந்தப் பிரிவு பேசும். கீழே தைத்துக்கொண்டிருந்த பெண் மேல் விழுந்தால் பேசாது. ஓடுகிற கம்பெனியின் கூரையில் வேலை செய்கிறவருக்கு, சுற்றிலும் இருக்கிற மனிதர்களும் பொருள்களும் ஏறக்குறைய எல்லாம் முதலாளியுடையவைதானே?

இதற்கு வழி இருக்கிறது. முதலாளியின் சுற்றுச் சொத்துக்கு என்று ஒரு கூடுதல் பிரிவு உண்டு. "ஓனர்ஸ் சரவுண்டிங் ப்ராப்பர்ட்டி" என்று கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி, எத்தனை லட்சம் வரை என்று தொகை எழுதி வாங்க வேண்டும். கீழே இருக்கும் சரக்கின் மதிப்பை முதலாளியிடமே கேட்டு அந்தத் தொகையை முடிவு செய்யுங்கள். கம்பெனியின் ஆட்களுக்கும் வெளியாருக்கும் ஏற்படும் காயத்துக்குத் தனியாக ஒரு பொதுப் பொறுப்பு பாலிசி எடுக்கலாம். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு 1991 சட்டப்படி கட்டாயமான பாலிசியின் பெயரும் இதே மாதிரி இருக்கும். அதை எடுத்துக் கொடுத்தால் உங்களுக்குப் பயனில்லை.

முதலாளி தன் தீ விபத்து பாலிசியில் வாங்கிக்கொள்வாரே என்பீர்கள். புயல், வெள்ளச் சேதத்துக்கு அவர் அதில் கேட்கலாம். திறந்த கூரை வழியாக வந்த வெறும் மழைக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும், கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி அதே பணத்தை உங்களிடம் வசூலிக்க வழக்குப் போடலாம். அந்த உரிமையைக் கைவிடுவதாக முதலாளியின் இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிக் கொடுத்தால் நல்லது. பெரிய வேலைகளில் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

எந்த பாலிசியிலும் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கூரை வேலைக்கு அதன் பொருள், அன்று மாலைக்குள் மூட முடிகிற அளவுக்கு மட்டுமே அன்று காலையில் திறப்பது. தார்ப்பாய் மேலேயே இருக்க வேண்டும். திறந்த பகுதியையும் மூடிய பகுதியையும் சாயங்காலம் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். சர்வேயர் வந்தால் அந்தப் படங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

சி.ஏ.ஆர். எதற்கு உதவும் என்றால், நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோவை, பல்லடம் பக்கம் பாதி முடுக்கிய ஷீட்டைத் தூக்கி எறியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஷீட்டுக்கு இதில் பணம் உண்டு, ஒரு தொகையை நீங்கள் தாங்கிக்கொண்ட பிறகு. புயல் போன்ற இயற்கைச் சேதத்துக்கு அந்தத் தொகை கூடுதலாக இருக்கும். ஸ்க்ரூவை இடைவெளி விட்டு முடுக்கியதால் ஒரு வரிசை பறந்து, ஒழுங்காகப் போட்ட பக்கத்து வரிசையையும் கிழித்துவிட்டால்? உங்கள் தவறான வரிசைக்குக் கிடைக்காது, பக்கத்து வரிசைக்குக் கிடைக்கும். டிரஸ்ஸே புதிதாக நிறுத்துகிற ஷெட் வேலை என்றால் அதற்கு ஈ.ஏ.ஆர். என்ற இன்னொரு பாலிசி பொருந்தும்.

தொகை எழுதுவதில்தான் கூலி ஒப்பந்தக்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஷீட் முதலாளி வாங்கித் தருகிறார், உங்களுக்குக் கூலி மட்டும் 6 லட்சம். ஷீட்டும் மற்றதும் 24 லட்சம். நீங்கள் 6 லட்சத்துக்கு பாலிசி எடுத்தால், 30 லட்சத்துக்கு எடுக்க வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எடுத்திருக்கிறீர்கள். 5 லட்சம் சேதம் என்றால் 1 லட்சம்தான் கணக்காகும், அதிலும் நீங்கள் தாங்க வேண்டிய தொகை கழியும். வேலை முடிந்து ஒப்படைத்ததும், அல்லது முதலாளி ஒரு பகுதியில் மெஷின் போட்டு ஓட்டத் தொடங்கியதும் அந்தப் பகுதிக்குக் காப்பு நின்றுவிடும். அடுத்த மழைக்காலத்தில் ஒழுகுவது இன்சூரன்ஸ் விஷயம் இல்லை, நீங்கள் கொடுத்த உத்தரவாதம்.

பிரீமியம் போய்ச் சேருவதற்கு முன் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்கக் கூடாது என்பது காப்பீட்டுச் சட்டம். "நாளைக்குக் கட்டுகிறேன், இன்று வேலை ஆரம்பித்துக்கொள்கிறேன்" என்பது அந்த ஒரு நாளைக்கு ஒன்றும் இல்லாமல் ஏறுவதுதான்.

இதற்கெல்லாம் பணம் எங்கே, பக்கத்து ஆள் குறைத்துக் கொட்டேஷன் கொடுக்கிறானே என்பீர்கள். பிரீமியத்தை உங்கள் லாபத்திலிருந்து எடுக்காதீர்கள். கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள்: ஆட்களுக்கான பாலிசி இவ்வளவு, உங்கள் சரக்குக்கான கூடுதல் காப்பு இவ்வளவு. இரண்டாவது வரி தன் பெட்டிகளுக்கானது என்று தெரிந்தால் நிதானமான முதலாளி யோசிப்பார். அதை வெட்டச் சொன்னால், கீழே உள்ள சரக்கை வேறு குடோனுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்வரை ஏணியைச் சாத்த வேண்டாம்.