எங்கள் மலையின் அதிசய வீரர்கள்

பாடநூலுக்குள் சித்திரக்கதையை ஒளித்து வைத்துப் படித்து அகப்படாத மாணவி எங்கள் வகுப்பில் எவரேனும் உண்டோ? ஐயமே! பதினைந்து வயதுப் பிள்ளை சுவரில் ஏறுவதும் பகைவரைப் பந்தாடுவதும் வீண்பொழுது என்பர் பெற்றோர். நாங்கள் முற்றிலும் மறுக்கவில்லை. ஆயினும் அக்கதைகள் எவ்வாறு அமைகின்றன என்று ஆராயப் புகுந்தோம். முடிவில் எங்கள் கொல்லிமலைக்கே வந்து சேர்ந்தோம்.

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் முன்பு இளைஞர்க்குப் பெரும்பாலும் துணைவர் வேலைதான். 1940இல் தோன்றிய ராபின், பேட்மேனுக்கு உதவி செய்யும் சிறுவனே. 1962இல் வந்த ஸ்பைடர்மேன் அதனை மாற்றினான். அவன் ஒரு பள்ளி மாணவன். தான் தடுத்திருக்கக்கூடிய திருடனே பின்னர்த் தன் பெரியப்பாவைக் கொன்றான் என்ற துயரம்தான் அவனை வீரனாக்கியது. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த இரும்புக்கை மாயாவியும் ஒரு கையை இழந்தவனே. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது! வியத்தகு ஆற்றல், அதற்கொரு விலை, பலருக்கு மறைத்த பெயரும் உண்டு. இவையே இக்கதைகளின் இலக்கணம்.

இனி எங்கள் மலைக்கு வருவோம். ஆடி மாதம் விழா எடுக்கிறோமே, அந்த வல்வில் ஓரியைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டுகிறார். ஒரே அம்பு! அது யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எந்தச் சித்திரக்கதைக்கு இது குறைந்தது? எங்களுக்கு மிகவும் பிடித்தது அடுத்த காட்சிதான். யாரென்று அறியாமலே பாணர் அவனைப் பாடுகின்றனர். அரசன் என்ற சொல் வந்ததும் அவன் நாணுகிறான். மேற்கொண்டு புகழவும் விடாமல் இறைச்சியும் பொன்னும் மணியும் கொடுத்தனுப்புகிறான். முகமூடி இல்லாமலே மறைந்து நின்ற வீரன்! அவனையும் பின்னர்க் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான்.

பெண்களுக்கு இடமில்லையா என்று எங்கள் தோழி ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். ஏன் இல்லை? கொல்லிப்பாவை இருக்கிறாளே! தெய்வம் ஆக்கிய பெண்ணுருவம் அவள். சூறாவளி மோதினாலும், பெருமழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அவள் உருவம் அழியாது என்கிறார் நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர். அரக்கர் நெருங்கினால் சிரித்தே கொல்வாள் என்பது வழிவழிக் கதை.

ஆயினும் எங்களுக்கு ஒரு மனக்குறை. சங்கப் பாடல்கள் பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமையாகவே அவளை அழைக்கின்றன. இத்தனை ஆற்றல் இருந்தும் அவள் ஒரு சொல் பேசுவதில்லை; ஓரிடமும் போவதில்லை. 2014இல் தனி இதழ் பெற்ற மிஸ் மார்வெல் கமலா கான் பதினாறு வயதுப் பெண். அவளோ வாய் ஓயாமல் பேசுகிறாள். அம்மாவிடம் திட்டும் வாங்குகிறாள்!

ஆகவே பாவையை மலையிறக்கி ஒரு கதை எழுதத் தொடங்கியுள்ளோம். முதல் அத்தியாயத்தில் நாமக்கல் பேருந்தில் ஏறிவிட்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவளுக்குத் தலைசுற்றல் வருமா, வராதா என்பதில் வகுப்பு இன்னும் இரண்டு கட்சியாகவே இருக்கிறது.